சீட்டு கிடைத்ததும் பந்தைப் பிடுங்காதீர்கள்

கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, காக்களூர், திருவள்ளூர் பக்கத்துப் பெற்றோர்களே, உங்கள் மேல் உள்ள கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். நானும் சிப்காட் தொழிற்பேட்டைச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவள். ஏ ஷிப்ட், பி ஷிப்ட், நைட் ஷிப்ட் என்று வீட்டில் உலை வைக்கும் நேரம்கூட கம்பெனி சங்குக்குக் கட்டுப்பட்டதுதான். கூடைப்பந்து ஆடும் பிள்ளையை வளர்ப்பதில் செலவு எவ்வளவு, கவலை எவ்வளவு என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்: பத்து வருஷம் வெயிலில் ஆடவிட்டுவிட்டு, அந்த ஆட்டத்துக்குப் பலன் கிடைக்கிற நாலு வருஷத்தில் பந்தைப் பிடுங்கி வைக்கிறீர்களே, இது என்ன நியாயம்?

மே, ஜூன் மாதங்களில் நம் ஆட்களை ஜெராக்ஸ் கடை வாசலில் பார்க்க வேண்டும். எட்டாம் வகுப்பில் வட்டாரப் போட்டியில் வாங்கிய சான்றிதழில் தொடங்கி, மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் அடுக்கி, மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறோம். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் இருப்பது அப்போது எல்லோருக்கும் மனப்பாடம். தனியார் கல்லூரிகளும் அணிக்கு ஆள் சேர்க்கக் கட்டணத்தை விட்டுக்கொடுக்கின்றன. சில கல்லூரிகளில் விடுதியும் சாப்பாடும் சேர்த்தே கிடைக்கிறது. அந்த ஒரு மாதம் முழுக்க "என் பையன் ஸ்டேட் பிளேயர் சார்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறோம்.

சேர்க்கை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பேச்சு மாறிவிடுகிறது. "சீட்டு வாங்கத்தானே ஆடினே? வாங்கியாச்சு. இனிமே கிரவுண்டு பக்கம் போனா பாரு." இந்த வார்த்தையை நம் தெருக்களில் எத்தனை வீட்டில் கேட்டுவிட்டேன். பிள்ளை ஆடுவான் என்று நம்பித்தானே கல்லூரிகள் கட்டணத்தை விட்டன? ஆட்டத்தை நிறுத்தினால் அந்தச் சலுகையும் நிற்கும் என்பது இருக்கட்டும். வாங்கிக்கொண்டு ஏமாற்றுவது தப்பு என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய நாமே இப்படிச் செய்யலாமா?

கல்லூரி ஆட்டம் எப்படி நடக்கிறது என்று நம்மில் பலர் ஒரு நாள்கூட விசாரித்ததில்லை. கல்லூரி அணிக்குள் வந்தால் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. அதில் தேர்வாளர் கண்ணில் பட்டால் பல்கலைக்கழக அணி. நம் பக்கத்தில் அது சென்னைப் பல்கலைக்கழகமாக இருக்கும், அண்ணா பல்கலைக்கழகமாக இருக்கும், இல்லையென்றால் பிள்ளை படிக்கிற நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருக்கும். பிறகு தென் மண்டலப் போட்டி. தென் மாநிலப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் மோதி, முதல் நான்கு இடம் பிடிப்பவை அகில இந்தியப் போட்டிக்குப் போகும். அதில் நன்றாக ஆடினால் 2020-இல் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகள் வரை வழி இருக்கிறது. பல்கலைக்கழக அணியில் பன்னிரண்டே பேர். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குப் பெஞ்சில் உட்காரத்தான் இடம் கிடைக்கும். இரண்டாம் ஆண்டில் நாலைந்து நிமிஷம் இறக்குவார்கள். மூன்றாம், நான்காம் ஆண்டில்தான் அணி அவனை நம்பி ஆடும். நீங்கள் நிறுத்தச் சொல்வது அதற்கு முன்பே!

வேலை விஷயத்துக்கு வருகிறேன், நமக்கெல்லாம் அதில்தானே கண். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும் அறிவிப்பை ஒரு தடவை உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள். வயது 18 முதல் 25 வரை, தளர்வு கிடையாது. நூறு மதிப்பெண்ணில் விளையாட்டுச் சாதனைக்கு 50, களத்தில் ஆடிக் காட்டுவதற்கு 40, படிப்புக்கு 10. தகுதியாகக் கேட்பவற்றில் ஒன்று, அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் மூன்றாம் இடத்துக்குள் வந்த அணியில் ஆடியிருப்பது. இதற்கெல்லாம் மேலே, நாம் யாரும் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. அந்தச் சாதனை நடப்பு நிதியாண்டிலோ அதற்கு முந்தைய இரண்டு நிதியாண்டுகளிலோ நடந்திருக்க வேண்டும்.

அந்த வரியை நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். பிளஸ் டூவில் வாங்கிய மாநிலச் சான்றிதழைப் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்களே, பிள்ளை கடைசி வருஷத்துக்கு வரும்போது அதை வைத்து விண்ணப்பம்கூடப் போட முடியாது. பாலுக்குத் தேதி போட்டிருப்பது போல அதற்கும் தேதி இருக்கிறது. கல்லூரியில் தொடர்ந்து ஆடி, புதிதாக ஏதாவது சாதித்தால்தான் பழையதற்கும் மதிப்பு.

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். அப்பா கிரேன் ஆபரேட்டர். பையன் ஆறடியைத் தாண்டிய உயரம், நீளமான கை. ரிங்குக்குக் கீழே அவன் எழும்பினால் எதிர் அணிப் பிள்ளைகள் விலகி வழிவிடுவார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் செமஸ்டரில் கணக்கில் ஒரு அரியர் வந்தது. "பந்துதான் காரணம்" என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். இரண்டாம் ஆண்டில் பல்கலைக்கழகத் தேர்வுக்கு அழைப்பு வந்த நாளில் அவனை மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு அனுப்பி வைத்தார்கள். பயிற்சியாளர் மூன்று முறை போன் பண்ணினார், எடுக்கவில்லை. படிப்பு முடிந்த பிறகு ஒரு நாள் பழைய சான்றிதழ்களோடு அப்பாவும் மகனும் என் வீட்டுக்கு வந்தார்கள். "ரயில்வேக்குப் போடலாம்னு இருக்கோம், ஃபார்மைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லும்மா" என்றார் அவர். கடைசிச் சான்றிதழின் தேதியைப் பார்த்தேன். நாலு வருஷம் ஆகியிருந்தது. அவரிடம் அதை எப்படிச் சொல்வதென்று எனக்கு வாய் வரவில்லை. பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. இப்போது கான்ட்ராக்டில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கிறான். அந்த வேலை கேவலம் என்று சொல்ல வரவில்லை, நம் வீடுகள் அதில்தான் சாப்பிடுகின்றன. அவனுக்கு இன்னொரு கதவும் திறந்திருந்தது, அதை அடைத்தது அவன் அல்ல. அதுதான் என் ஆற்றாமை.

"விளையாட்டு சோறு போடுமா?" என்று கேட்கிறவர்களுக்கு அனிதா பால்துரையின் பெயரைச் சொல்கிறேன். தூரத்து ஊர் இல்லை, சென்னைப் பெண். பதினோரு வயதில் பந்தைப் பிடித்தவர். 2000-இல் இந்திய அணிக்குள் வந்தவர் 2017 வரை ஆடினார். பத்தொன்பது வயதில், நம் பிள்ளைகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற வயதில், இந்திய அணிக்கே கேப்டன். ஆசிய சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஒன்பது முறை ஆடியிருக்கிறார். தெற்கு ரயில்வேயில் வேலை. மகன் பிறந்த பிறகு, "இனி என்ன ஆட்டம்" என்று ஊர் சொல்கிற கட்டத்தில், திரும்பவும் களத்துக்கு வந்தார். 2017-இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை பி பிரிவு இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை இரண்டே புள்ளி வித்தியாசத்தில் வென்று இந்தியப் பெண்கள் ஏ பிரிவுக்கு உயர்ந்தார்களே, அந்த அணியில் அவரும் இருந்தார். 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

அதே தெற்கு ரயில்வேக்கு ஆடிய கேரளத்துப் பெண் கீத்து அன்னா ஜோஸ். ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் கிளப்புக்குப் போய் ஆடினார். 2011-இல் அமெரிக்காவின் பெண்கள் லீக் அணிகள் சோதனை ஆட்டத்துக்குக் கூப்பிட்டன. இந்த இரண்டு பெண்களும் எங்கோ தனியார் அகாடமியில் லட்சம் கொட்டி வளர்ந்தவர்கள் இல்லை. பள்ளி, கல்லூரி, பிறகு ரயில்வே என்று படிப்படியாக வந்தவர்கள். நடுவில் எந்தப் படியிலும் வீட்டுக்காரர்கள் பந்தைப் பிடுங்கியிருந்தால், இன்றைக்கு அவர்கள் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் இன்னும் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. பையனை நிறுத்தக் கணக்குப் பாடத்தைக் காரணம் சொல்கிறீர்கள். பெண்ணை நிறுத்தக் காரணமே வேண்டியதில்லை. அரைக்கால் சட்டை போடுகிறாள், கறுத்துப்போகிறாள், வெளியூரில் தங்குகிறாள், எவன் கட்டிக்கொள்வான். ஒரே மூச்சில் எல்லாம் வந்துவிடுகிறது. அதே பெண் மில்லிலும் மின்னணு கம்பெனியிலும் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் விடிய வந்தால் நமக்கு உறுத்துவதில்லை. ஒன்பதாயிரம் பத்தாயிரம் சம்பளத்துக்கு ராத்திரியில் அனுப்பத் துணிகிற நாம், பல்கலைக்கழக ஜெர்சிக்கு அனுப்பப் பயப்படுகிறோம்.

பயம் பொய் என்று சொல்லவில்லை. பயிற்சி முடிந்து மூர் மார்க்கெட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கலில் வருகிற பிள்ளை எண்ணூரைத் தாண்டும்போது பெட்டி காலியாகத் தொடங்கிவிடும். மீஞ்சூரில் பாதி, பொன்னேரியில் மீதி இறங்கிவிடும். கவரைப்பேட்டை தாண்டி அந்தக் கடைசி தூரத்தில் ஜன்னலோரம் ஒரு பெண் பிள்ளை பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கும். அதற்கு ஆட்டத்தை நிறுத்துவதா வழி? ஒரே அணியில் நம் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். அந்த வீடுகள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளுங்கள். பெண்கள் பெட்டியில் சேர்ந்தே ஏறச் சொல்லுங்கள். ஸ்டேஷனில் யார் நிற்பது என்று நாள் பிரித்துக்கொள்ளுங்கள். எந்த அப்பாவுக்கு எந்த வாரம் நைட் ஷிப்ட் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும்தானே. இதுவும் முடியாதென்றால், விடுதியுள்ள கல்லூரியாகப் பார்த்துச் சேர்த்திருக்க வேண்டும். கட்டணம் எவ்வளவு குறைப்பார்கள் என்று நூறு கேள்வி கேட்டோமே, பெண்கள் அணிக்குப் பயிற்சி எத்தனை மணிக்கு முடியும், வெளியூர்ப் போட்டிக்குக் கூடவே பெண் ஆசிரியர் வருவாரா என்று ஒருவராவது கேட்டோமா?

முழங்கால் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓடிவந்து சட்டென்று நின்று திரும்புவதும், எழும்பி ஒற்றைக் காலில் இறங்குவதும்தான் இந்த ஆட்டம். முழங்காலுக்குள் இருக்கும் தசைநார் கிழிகிற ஆபத்து இதில் எல்லோருக்கும் உண்டு, பெண் பிள்ளைகளுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு. நம் பள்ளிகளில் இருப்பதெல்லாம் சிமெண்டுத் தரை. அந்தத் தரையில் ஷூவின் அடிப்பாகம் சீக்கிரமே வழுவழுவென்று தேய்ந்துவிடும். இன்றைக்கு ராத்திரி பிள்ளையின் ஷூவைத் திருப்பிப் பாருங்கள். கட்டை விரலுக்குக் கீழே இருக்கிற கோடுகள் அழிந்திருந்தால், அடுத்த ஆட்டத்தில் கால் வழுக்கும். புது ஷூ விலை அதிகம்தான். முழங்கால் அறுவை சிகிச்சை செய்து, பிறகு களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதம், ஒரு வருஷம் ஆகும். நாலு வருஷ ஆட்டத்தில் ஒரு வருஷம் போனால் என்ன மிஞ்சும்? வலி என்று பிள்ளை சொன்னால் எண்ணெய் தேய்த்து நீவிவிட்டு அனுப்பாதீர்கள். எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள், இயன்முறை சிகிச்சையை அவர் சொன்ன நாள் வரை முடியுங்கள்.

இன்னொரு வகைப் பெற்றோரும் நம்மிடையே பெருகிவருகிறார்கள். இவர்கள் பந்தைப் பிடுங்குவதில்லை, பிள்ளையின் கழுத்தையே பிடிக்கிறார்கள். மகன் ஆறடி வளர்ந்ததும் அமெரிக்கா, என்.பி.ஏ. என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். ஜிம்மில் யாரோ சொன்னார் என்று டப்பா டப்பாவாகப் பவுடர் வாங்கிக் கரைத்துக் கொடுக்கிறார்கள். அந்த என்.பி.ஏ. லீக்கில் ஆண்டுக்கு ஆண்டு புதிதாகத் தேர்ந்தெடுப்பது இரண்டு சுற்றில் அதிகபட்சம் அறுபது பேர். அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடும் பல்லாயிரம் பேரும், ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களும் அந்த அறுபதுக்குத்தான் மோதுகிறார்கள். அங்கேயே கல்லூரி வீரர்களில் நூற்றில் ஒருவர் இருவருக்குத்தான் அது வாய்க்கிறது. அங்கே 2021-இலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆகிவிட்டது. இங்கே கல்லூரி ஆட்டத்துக்கு அந்த மாதிரிப் பணம் கிடையாது, நிலைத்து நிற்கிற தொழில்முறை லீக்கும் நமக்கு இன்னும் அமையவில்லை.

பஞ்சாப் கிராமத்துப் பையன் சத்னாம் சிங் 2015-இல் டல்லாஸ் அணிக்குத் தேர்வானபோது நாடே கொண்டாடியது. இந்தியாவில் பிறந்து அந்தத் தேர்வில் பெயர் வந்த முதல் ஆள். ஆனால் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. பிறகு ஊக்கமருந்து சோதனையில் சிக்கி இரண்டு ஆண்டு தடை. இன்றைக்கு அமெரிக்கக் காட்சி மல்யுத்தத்தில் இருக்கிறார். ஏழடி உயரமும் திறமையும் இருந்தவருக்கே பாதை அப்படி வளைந்தது. பவுடர் டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் எழுதியிருப்பதை நம்மால் படிக்க முடியாது, படித்தாலும் புரியாது. தடை செய்த பொருள் உடம்பில் இருந்தால் "தெரியாமல் சாப்பிட்டேன்" என்ற பேச்சு எடுபடாது. முட்டை, பால், கடலை, சுண்டல், மீன். பழவேற்காட்டு மீன் நம் வாசலுக்கே வருகிறது. அது போதாதென்று பயிற்சியாளரோ விளையாட்டு மருத்துவரோ சொன்னால் பிறகு பாருங்கள்.

அரியர் பயம் நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். படிப்பு இல்லாத ஆட்டக்காரன் முழங்கால் போன மறுநாள் வெறும் ஆள். ஆனால் ஆடினால் அரியர் விழும் என்பது விதி அல்ல. போட்டிக்குப் போன நாட்களுக்கு வருகையில் சலுகை உண்டு. அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளில் 75 சதவீத வருகை வேண்டும் என்ற இடத்தில், விளையாட்டுக்காகப் போனவர்களுக்கு 65 வரை இறங்க விதியிலேயே இடம் இருக்கிறது. ஆனால் முன்கூட்டியே அனுமதிக் கடிதம் வாங்கித் துறைத் தலைவரிடம் சேர்த்திருக்க வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளை அதை மறப்பான். பயிற்சியாளரிடம் கொடுத்தேன் என்பான், அவர் அலுவலகத்தில் கொடுத்தேன் என்பார். கடைசியில் ஹால் டிக்கெட் வராது. கேஸ் புத்தகம், ரேஷன் கார்டு, பி.எஃப். எண் எல்லாவற்றுக்கும் வீட்டில் கோப்பு வைத்திருக்கிறோம். பிள்ளையின் போட்டிக் கடிதங்களுக்கும் ஒன்று போடுங்கள். எந்தப் போட்டி, எந்தத் தேதி, யார் நடத்தியது, எத்தனையாவது இடம், சான்றிதழ் கைக்கு வந்ததா? சான்றிதழில் பெயரின் எழுத்து பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளது போலவே இருக்கிறதா? தந்தை பெயரின் முதலெழுத்து பெயருக்கு முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்ற இந்தச் சின்னத் தகராறில் நின்றுபோன விண்ணப்பங்கள் ஏராளம்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று பழி போடுவதும் நமக்குச் சுலபம். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. முதலமைச்சர் கோப்பையில் கல்லூரி மாணவர்களுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. போட்டிக்குப் போகப் பணமில்லாத வீரர்களுக்கு உதவ 2023-இல் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை தொடங்கினார்கள். மாவட்ட விளையாட்டு அரங்கம் திருவள்ளூரிலேயே இருக்கிறது, அங்கே மாவட்ட விளையாட்டு அலுவலர் உட்கார்ந்திருக்கிறார். கேட்கப் போனவர்கள் எத்தனை பேர்? வலை இல்லாத ரிங், மொட்டையாகத் தேய்ந்த ஒரே பந்து, அதுவும் பெண்களுக்கான ஆறாம் எண் பந்து இல்லாமல் ஏழாம் எண் பந்திலேயே பெண்களும் ஆடுவது, இதெல்லாம் நம் பள்ளிகளில் உண்மைதான். அதைப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து சொல்லாமல் வாட்ஸ்அப் குழுவில் புலம்பி என்ன பயன்? நம் வட்டாரத்தைச் சுற்றி இத்தனை ஆலைகள் சமூகப் பொறுப்பு நிதி வைத்திருக்கின்றன. ஒரு பள்ளிக்கு இரண்டு பந்தும் ஒரு வலையும் கேட்டு, தலைமையாசிரியர் கையெழுத்தோடு பத்துப் பெற்றோர் போய் நின்றால் இல்லை என்று சொல்கிற மேலாளர் குறைவு.

எல்லாப் பிள்ளைக்கும் ரயில்வே கிடைக்காது என்பதையும் மறைக்கவில்லை. காலியிடம் சொற்பம், கூடைப்பந்துக்கென்று அறிவிப்பே வராத ஆண்டும் உண்டு. அப்படியானால் வங்கி அணி, வருமான வரித் துறை, காவல்துறை என்று பார்க்க வேண்டும். உடற்கல்வி ஆசிரியர் படிப்பு இருக்கிறது. 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நந்தனத்திலேதான் இருக்கிறது. பெரியகுளத்திலும் கரூரிலும் ஆண்டுதோறும் நடக்கும் அகில இந்தியப் போட்டிகளில் இந்தத் துறை அணிகளெல்லாம் வந்து ஆடும். முடிந்தால் கல்லூரி விடுமுறையில் பிள்ளையை ஒரு தடவை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். வேலையில் இருந்துகொண்டே ஆடுகிறவர்கள் எப்படிப் பயிற்சி எடுக்கிறார்கள், எந்த வயதில் சேர்ந்தார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நல்ல ஆட்டக்காரர்கள் கேட்டால் பேசுவார்கள்.

இப்போது கேட்கப்போவது ஒன்றுதான். இந்த ஆண்டு உங்கள் வீட்டில் மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு படிக்கிற ஆட்டக்காரப் பிள்ளை இருந்தால், கான்ட்ராக்டர் வந்து "ஆள் தேவைப்படுது, பேரைக் கொடுங்க" என்று கேட்கும்போது அவசரப்பட்டுப் பெயர் கொடுத்துவிடாதீர்கள். தென் மண்டலப் போட்டி முடியட்டும். கடைசிச் சான்றிதழ் கைக்கு வரட்டும். அந்தத் தேதியிலிருந்து இரண்டு நிதியாண்டுகளுக்குள் வருகிற எல்லா அறிவிப்புக்கும் விண்ணப்பம் போட்டு, ஒவ்வொரு டிரயல்ஸுக்கும் போய்வரட்டும். அதுவரை வீட்டுச் செலவுக்கு அவன் சம்பளம் வேண்டும் என்றால், மாலைப் பயிற்சிக்கு இடைஞ்சல் இல்லாத பகல் வேலையாகப் பாருங்கள். இருபத்தைந்து வயதுக்குப் பிறகு சிப்காட் அவனை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும். ரயில்வே எடுக்காது.